காளான் இழக்கும் நீர், தானியம் ஏற்கும் நீர்

வேலை நாட்களின் இரவுகளில் நான் அடிக்கடி சமைப்பது, ஓவனில் அதிக வெப்பத்தில் வறுத்த காளானை வெந்த முழுத் தானியத்தோடு சேர்த்து, சிறிது கீரையும் எலுமிச்சைச் சாறும் கலந்து உண்ணும் ஓர் எளிய உணவு. தொடங்குவது முதல் பரிமாறுவது வரை 40 நிமிடங்கள் ஆகும். அதில் கைக்கு வேலை இருப்பது கால் மணி நேரம்தான். இதற்கான செய்முறைகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. ஆனால் அவற்றுள் பல, பொருள்களின் பட்டியலையும் நிமிடக் கணக்கையும் கொடுத்துவிட்டு, ஒரு நாள் பொன்னிறமாக மணக்கும் காளான் இன்னொரு நாள் ஏன் சவசவவென்று நீர் கோத்துக் கிடக்கிறது என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகின்றன. இந்த உணவில் நடக்கும் செயல்கள் இரண்டே என்று நான் கருதுகிறேன்: காளானிலிருந்து நீரை வெளியேற்றுகிறோம், தானியத்துக்குள் நீரை ஏற்றுகிறோம். இந்த இரண்டையும் விளங்கிக்கொண்டவர், கையில் கிடைத்த எந்தக் காளானையும் எந்தத் தானியத்தையும் கொண்டு, செய்முறையைத் திரும்பத் திரும்பப் பார்க்காமலேயே இதைச் சமைத்துவிடலாம்.

முதலில் காளான். பச்சைக் காளானின் எடையில் 90 விழுக்காட்டுக்கும் மேல் நீர்தான். அரைக் கிலோ மொட்டுக்காளானில் ஏறத்தாழ 460 கிராம் நீர் இருக்கிறது. மேற்பரப்பில் நீர் இருக்கும்வரை அதன் வெப்பநிலை 100 டிகிரி செல்சியசைத் தாண்டுவதில்லை. ஓவனை 220 டிகிரியில் வைத்திருந்தாலும், அந்த வெப்பமெல்லாம் நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடும். ஆவியாக்குவதும் எளிதாக நடந்துவிடுவதில்லை. ஒரு கிராம் நீரை 0 டிகிரியிலிருந்து 100 டிகிரிவரை சூடாக்க எவ்வளவு வெப்பம் தேவையோ, அதைப்போல் 5 மடங்குக்கும் அதிகமான வெப்பம், கொதிநிலையை எட்டிய அதே ஒரு கிராம் நீரை ஆவியாக மாற்றத் தேவைப்படுகிறது. ஆகவே, தட்டில் காளானை அடுக்கடுக்காகக் குவித்து வைத்தால், கீழே இருப்பது விடும் நீராவி மேலே இருப்பதை நனைக்க, எல்லாம் சேர்ந்து தம் நீரிலேயே அவியுமே தவிர வறுபடாது. நேரத்தைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் கூட்ட வேண்டியது இடத்தைத்தான்.

நீர் வெளியேறிய பிறகுதான் காளானின் சுவை பிறக்கிறது. மேற்பரப்பு உலர்ந்து ஏறத்தாழ 140 டிகிரியைத் தாண்டும்போது, அதிலுள்ள அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் ஒன்றோடொன்று வினைபுரிந்து பழுப்பு நிறத்தையும் நூற்றுக்கணக்கான மணப் பொருள்களையும் உண்டாக்குகின்றன. பிரெஞ்சு வேதியியலாளர் லூயி காமீ மைலார்ட் 1912இல் இதை விவரித்ததால் மைலார்ட் வினை என்று அவர் பெயராலேயே இது வழங்கப்படுகிறது. ரொட்டியின் மேலோட்டுக்கும் வறுத்த காப்பிக் கொட்டைக்கும் மணம் தருவதும் இதே வினைதான். வேகவைத்த காளானில் இந்த மணம் வராததற்குக் காரணம், நீருக்குள் இருக்கும் எந்தப் பொருளும் அந்த வெப்பநிலையை எட்ட முடியாது என்பதே. இதை அறிந்த பிறகு, காளானை வறுப்பது என்றால் முதலில் உலர்த்துவது, பிறகு நிறமேற்றுவது என்ற இரண்டு கட்டங்கள் என்பது தெளிவாகிவிடும்.

நடைமுறையில் நான் செய்வது இது. ஓவனை 220 டிகிரிக்குச் சூடேற்றும்போதே, காளானை வைக்கப்போகும் கனமான உலோகத் தட்டையும் உள்ளே வைத்துவிடுவேன்; சூடான தட்டில் விழுந்த நொடியிலிருந்தே காளான் நீர்விடத் தொடங்கும். காற்றுவிசிறி உள்ள ஓவன் என்றால் 200 டிகிரி போதும். அந்த விசிறி நீராவியை மேற்பரப்பிலிருந்து விலக்கிக்கொண்டே இருப்பதால் வேலை விரைவாக நடக்கும். சிறிய மொட்டுக்காளானை இரண்டாகவும் பெரியதை நான்காகவும் நறுக்குகிறேன். மெல்லிய வில்லைகளாக நறுக்கினால் நிறம் ஏறுவதற்குள் தோல்போலச் சுருங்கிவிடும், ஏனெனில் வறுபட்டு முடிந்த காளான் தன் எடையில் ஏறத்தாழ பாதியை இழந்திருக்கும். நறுக்கும்போது கொஞ்சம் பெரியதாகத் தோன்றும் துண்டே இறுதியில் சரியான அளவுக்கு வரும். அரைக் கிலோவுக்கு இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் போதுமானது. எண்ணெயைப் பிசறியதும் காத்திருக்காமல் தட்டில் பரப்பிவிட வேண்டும். காளானின் உட்புறம் முழுவதும் நுண்ணிய காற்றறைகள் இருப்பதால், நேரம் கொடுத்தால் எண்ணெயை உறிஞ்சிக்கொண்டு இன்னும் வேண்டும் என்பதுபோல வறண்டு நிற்கும்.

நறுக்கிய முகம் தட்டைத் தொடும்படி, துண்டுகளுக்கு இடையே ஒரு விரல் அளவு இடைவெளி விட்டுப் பரப்ப வேண்டும். ஒரு தட்டில் இடம் போதாவிட்டால் இரண்டு தட்டுகளாகப் பிரிப்பதில் தயங்கக் கூடாது. முதல் 12 முதல் 15 நிமிடங்களுக்குத் தொடவே வேண்டாம். அந்த நேரத்தில் தட்டில் நீர் தேங்கி, பிறகு அது வற்றத் தொடங்கும். இடையில் ஓவனின் கதவை ஒரு நொடி திறந்து, அடைபட்ட நீராவியை வெளியேவிட்டு மூடுவது பயன் தரும். நீர் வற்றி, அடிப்பக்கம் பொன்னிறமானதும் திருப்பிப் போட்டு, அப்போதுதான் உப்பும் மிளகுத்தூளும் தூவுகிறேன். உப்பைத் தொடக்கத்திலேயே சேர்ப்போரும் உண்டு. அது நீரை விரைவாக வெளியே இழுக்கும் என்பது சரிதான்; ஆனால் அந்த நீர் முழுவதும் ஒரே நேரத்தில் தட்டில் சேர்வதால், இடம் குறைவான தட்டில் அது கேடாகவே முடிகிறது. பூண்டுக்கும் இதே பக்குவம் வேண்டும்: பொடியாக நறுக்கிய பூண்டு 220 டிகிரியில் சில நிமிடங்களிலேயே கருகிக் கசந்துவிடும் என்பதால், கடைசி 4 நிமிடங்களில்தான் அதைச் சேர்க்க வேண்டும். மொத்தத்தில் 20 முதல் 25 நிமிடங்களில் காளான் தயாராகிவிடும்.

காளானைக் கழுவலாமா என்ற கேள்விக்கு நீர்க்கணக்கே விடை சொல்லும். ஏற்கெனவே பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் நீராக இருக்கும் ஒரு பொருள், ஓடும் நீரில் அரை நிமிடம் அலசப்படுவதால் ஏற்கும் நீர் மிகச் சிறிது. மண் ஒட்டியிருந்தால் தயங்காமல் அலசி, உடனே துணியால் ஒற்றித் துடைத்துவிடுங்கள். தொட்டியில் ஊறப்போடுவதும், முதல் நாளே கழுவி வைப்பதும்தான் கூடாது. ஈரத்தோடு கிடக்கும் காளான் விரைவில் பிசுபிசுத்துப் போகும். வாங்கி வந்ததைக் காகிதப் பையில் போட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால், அது விடும் ஈரத்தைக் காகிதம் ஏற்றுக்கொள்ளும். இறுக்கமாக மூடிய பிளாஸ்டிக் பைக்குள் அந்த ஈரம் வெளியேற வழியின்றி அதன்மீதே படியும்.

காளானைச் சமையல் பழகுவோருக்கு ஏற்ற பொருள் என்று நான் உறுதியாகச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. காய்கறிகளின் செல்களை ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருக்கும் பெக்டின் வெப்பத்தில் கரைந்துபோவதால், கூடுதல் நேரம் வைத்த காய் குழைந்துவிடுகிறது. காளான் தாவர இனத்தைச் சேர்ந்ததன்று. பூஞ்சையான அதன் செல்சுவரில் இருப்பது கைட்டின். நண்டு, இறால் ஆகியவற்றின் ஓட்டிலும் பூச்சிகளின் மேலோட்டிலும் இருக்கும் அதே பொருள் இது. சமையலின் வெப்பத்துக்குக் கைட்டின் எளிதில் இளகுவதில்லை. ஆகவே காளான் 10 நிமிடம் கூடுதலாக ஓவனில் இருந்துவிட்டாலும் குழைந்து கெட்டுப்போகாது. சற்று அழுத்தமாக, சுவை செறிந்ததாக மாறும், அவ்வளவுதான். தானியம் வேகச் சற்றுத் தாமதமானாலும் காளான் பொறுத்துக்கொள்ளும் என்பது, இரண்டையும் ஒரே நேரத்தில் கவனிக்க வேண்டிய இரவில் எவ்வளவு பெரிய நிம்மதி!

வகைகளைப் பொறுத்தவரை, மொட்டுக்காளான், பழுப்பு நிறக் கிரெமினி, உள்ளங்கையளவு விரியும் போர்ட்டபெல்லோ ஆகிய மூன்றும் அகாரிக்கஸ் பைஸ்போரஸ் என்ற ஒரே இனத்தின் வெவ்வேறு வடிவங்களே; முதிரமுதிரச் சுவை கூடும். சிப்பிக்காளானைக் கத்தியால் நறுக்காமல் கையால் நாராகக் கிழித்துப் போட்டால் ஓரங்கள் மொறுமொறுப்பாக வறுபடும். மெல்லியது என்பதால் 15 நிமிடங்களிலேயே பார்க்கத் தொடங்க வேண்டும். ஷிட்டாக்கேயின் தண்டு மெல்ல முடியாத அளவுக்கு நாராக இருக்கும். அதை நீக்கிவிட்டுத் தொப்பியை மட்டும் வறுத்து, தண்டைத் தானியம் வேகும் நீரில் போட்டு மணம் இறக்கிப் பிறகு எடுத்துவிடலாம். காட்டில் தானாக முளைத்ததைப் பறித்து வந்து சமைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். அமானிட்டா ஃபலாய்டிஸ் போன்ற காளான்களில் உள்ள அமடாக்சின் என்னும் நஞ்சு எவ்வளவு வேகவைத்தாலும் அழிவதில்லை. அது கல்லீரலைச் சிதைத்து உயிரைப் பறிக்கும். உண்ணத்தக்க சில காளான்களைப் போலவே தோற்றமளிப்பதுதான் அதன் பெரிய ஆபத்து. இனம் காணும் அறிவைப் பல ஆண்டுகள் முறையாகப் பயின்றவர்களுக்கே உரிய வேலை அது.

உலர்ந்த ஷிட்டாக்கே கிடைத்தால் அதைத் தவறவிடாதீர்கள். டோக்கியோவில் வேதியியல் பேராசிரியராக இருந்த கிகுனே இக்கேடா, 1908இல் கடற்பாசிச் சாற்றிலிருந்து குளூட்டமேட் என்ற பொருளைப் பிரித்தெடுத்து, அது தரும் சுவைக்கு உமாமி என்று பெயரிட்டார். இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கசப்பு ஆகியவற்றோடு சேர்த்து எண்ணப்படும் இந்தச் சுவை காளானில் இயல்பாகவே உண்டு. உலர்ந்த ஷிட்டாக்கேயில் குவானிலேட் என்ற இன்னொரு பொருளும் இருக்கிறது. குளூட்டமேட்டும் குவானிலேட்டும் சேரும்போது சுவை வெறுமனே கூடாமல் பன்மடங்காகப் பெருகுகிறது. நாலைந்து உலர் காளான்களை நீரில் ஊறவைத்தால், அந்த நீர் பழுப்பு நிறத்தில் மணம் நிறைந்த சாறாக மாறும். அடியில் படியும் மண்துகளை வடிகட்டிவிட்டு, அந்தச் சாற்றில் தானியத்தை வேகவைத்துப் பாருங்கள். காளானிடமிருந்து வாங்கிய சுவையை நீரே தானியத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. இந்த உணவில் நான் மிகவும் விரும்புவது இந்த ஓர் இடத்தைத்தான்.

ஓவன் இல்லாதவர்களும் இதைக் கைவிட வேண்டியதில்லை. அகலமான, கனமான வாணலியில் காளானைப் போட்டு, எண்ணெய்க்குப் பதிலாகக் கால் கிண்ணம் நீர் ஊற்றி, பெருந்தீயில் வைக்க வேண்டும். இருக்கும் நீரை வெளியேற்ற இன்னும் நீர் ஊற்றுவது முரணாகத் தோன்றலாம். அந்த நீராவியில் காற்றறைகள் விரைவாக அமுங்கிவிடுவதால், நீரெல்லாம் வற்றிய பிறகு ஊற்றும் எண்ணெயைக் காளான் உறிஞ்சுவதில்லை. ஒரே ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் முழுவதும் நன்றாக நிறமேறும். வாணலியில் சலசலக்கும் ஓசை அடங்கிச் சடசடவென்று மாறும்போது நீர் தீர்ந்துவிட்டது என்று அறியலாம்.

இனி தானியம். முழுத் தானியம் என்பது மேற்புறத் தவிடு, உள்ளிருக்கும் முளைக்கரு, நடுவிலுள்ள மாவுப்பகுதி ஆகிய மூன்றும் நீக்கப்படாமல் இருப்பது. நார்ச்சத்தும் கனிமங்களும் பி வகை வைட்டமின்களும் பெரும்பாலும் தவிட்டிலும் முளைக்கருவிலும்தான் இருக்கின்றன. தீட்டும்போது நாம் இழப்பது அவற்றையே. இந்த இழப்பு எவ்வளவு பெரியது என்பதை உலகம் கோழிகளிடமிருந்து கற்றுக்கொண்டது. 1890களில், இன்று ஜகார்த்தா எனப்படும் பட்டேவியாவில் பணியாற்றிய டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் எய்க்மன், தீட்டிய அரிசியை மட்டும் தின்ற கோழிகளுக்குப் பெரிபெரியை ஒத்த நரம்பு நோய் வருவதையும், தீட்டாத அரிசியைக் கொடுத்ததும் அவை தேறுவதையும் கண்டறிந்தார். தவிட்டிலிருந்த தயமின் என்னும் பி1 வைட்டமினே அதற்குக் காரணம் என்பது பின்னர் வந்த ஆய்வுகளால் தெளிவாயிற்று; 1929இல் எய்க்மனுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

தவிடுதான் நன்மை, தவிடுதான் தடையும்கூட. மாவுப்பகுதியிலுள்ள ஸ்டார்ச், நீரும் ஏறத்தாழ 60 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பமும் கிடைத்தவுடன் உப்பி மென்மையாகத் தயாராகவே இருக்கிறது. நீர் உள்ளே போவதற்குத் தவிடு விடுவதில்லை. முழுத் தானியம் வேக நேரம் எடுப்பதற்கு இதுவே பெரும் காரணம். எனவே விரைவாகச் சமைக்க வேண்டுமென்றால், தானாகவே எளிதில் நீர் ஏற்கும் தானியத்தைத் தேர்ந்தெடுக்கலாம், அல்லது தாமதமாக ஏற்பதை முன்கூட்டியே ஊறவைக்கலாம். கினோவா 15 நிமிடங்களில் வெந்துவிடும். மேலே உள்ள சாப்போனின் கசக்கும் என்பதால் அதை நன்கு அலச வேண்டும். தினை 20 நிமிடங்கள் எடுக்கும். அவித்து, உலர்த்தி, உடைத்த கோதுமையான பல்கர், ஒருமுறை வெந்து முடிந்தது என்பதால் 15 நிமிடங்களுக்குள் தயாராகும். உமி மட்டும் நீக்கிய முழு பார்லிக்கு 50 நிமிடமோ அதற்கு மேலோ வேண்டும். தவிட்டோடு கூடிய அரிசிக்கு 40 நிமிடம் பிடிக்கும். காலையிலேயே நீரில் போட்டுவிட்டுச் சென்றால் இந்த நேரம் வெகுவாகக் குறைந்துவிடும். முத்துப்போல வெண்மையாக விற்கப்படும் பார்லி, தவிடு தீட்டப்பட்டது. சுவையில் குறையில்லை, விரைவாகவும் வேகும், ஆனால் அது முழுத் தானியமாகாது.

காளானோடு சேர்க்க எது சிறந்தது என்று கேட்டால், பார்லி என்றே சொல்வேன். வெந்த பிறகும் பல்லுக்கு இடம் கொடுக்கும் அதன் உறுதி, வறுத்த காளானின் தசைப்பிடிப்புக்கு இணையாக நிற்கிறது. கினோவா அந்த இடத்தில் சற்றுப் பலவீனமானது என்பது என் அபிப்பிராயம். நேரம் மிகக் குறைந்த நாளுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்கிறேன்.

வேகவைக்கும் முறையில், தானியத்துக்கு இத்தனை பங்கு நீர் என்று அளந்து ஊற்றி வற்றவிடுவதைவிட, தாராளமாக நீரைக் கொதிக்கவைத்து, சிறிது உப்பிட்டு, தானியத்தைப் போட்டு, வெந்ததும் வடித்துவிடுவதே எனக்கு நம்பகமாக இருக்கிறது. ஒவ்வொரு தானியமும், ஒரே தானியத்தின் பழையதும் புதியதும், வெவ்வேறு அளவு நீரை ஏற்பதால், நீர் போதாமல் அடிபிடிக்கும் கவலை இதில் இல்லை. வாயில் போட்டுப் பார்த்து, நடுவில் வெண்மையான கட்டி இல்லையென்றால் வடித்துவிடலாம். வடிப்பதால் நீரில் கரையும் வைட்டமின்களில் ஒரு பகுதி போய்விடும் என்பது உண்மையே. காளான் ஊறிய சாற்றில் வேகவைக்கும் நாளில் மட்டும், அந்தச் சுவையைக் கொட்டிவிட மனம் வராது என்பதால், அளந்து ஊற்றி முழுவதையும் வற்றவிடுகிறேன். கொதிநீரில் போடுவதற்கு முன் வெறும் பாத்திரத்தில் தானியத்தை மிதமான தீயில் 4 நிமிடம் வாசம் வரும்வரை வறுத்துக்கொண்டால், கொட்டைப் பருப்புகளை நினைவூட்டும் மணம் கிடைக்கும். வடித்த பிறகு, பாத்திரத்திலேயே திரும்பக் கொட்டி 5 நிமிடம் மூடி வைக்க வேண்டும். மேலே ஒட்டியிருக்கும் ஈரம் உள்ளே ஏறி, மணிகள் தனித்தனியாகப் பிரியும்.

முன்கூட்டியே வேகவைத்து வைத்துக்கொள்வது இந்த உணவை மேலும் எளிதாக்கும். ஆனால் அதில் ஒரு கவனம் அவசியம். பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரிலும் சாகாமல் பிழைத்து, வெந்த தானியம் மணிக்கணக்கில் வெளியே கிடக்கும்போது முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாததாக இருக்கலாம். ஆகவே, வெந்த தானியத்தை அகலமான தட்டில் மெல்லிய படலமாகப் பரப்பி விரைவாக ஆறவைத்து, ஒரு மணி நேரத்துக்குள் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். அரிசியை மறுநாளே தீர்த்துவிடுவது நல்லது. பார்லி, கோதுமை போன்றவற்றை 3 நாட்களுக்குள் முடித்துவிடலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஒருவேளைக்கு ஆகும் அளவுகளாகப் பிரித்து உறையவைக்கலாம். எடுத்ததும் ஆவி பறக்கச் சூடாக்கியே உண்ண வேண்டும். வேகாத முழுத் தானியத்தையும் மறந்துவிடக் கூடாது: முளைக்கருவிலுள்ள எண்ணெய் நாளடைவில் சிக்குவாடை அடிக்கும் என்பதால், வெண்ணிற அரிசியைப் போல மாதக்கணக்கில் வெயில்படும் அலமாரியில் வைக்க அது ஏற்றதன்று, காற்றுப்புகாத புட்டியில், குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும்.

இப்போது இரண்டையும் சேர்க்கும் வரிசை. மூன்று பேருக்கு ஒரு கிண்ணம் உலர்ந்த பார்லியும் அரைக் கிலோ காளானும் போதும். ஒரு கிண்ணம் பார்லி வெந்ததும் மூன்று கிண்ணத்துக்கும் சற்று மேலாகப் பெருகும். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, காலையில் ஊறப்போட்ட பார்லிக்கு நீரைக் கொதிக்கவையுங்கள். ஓவனையும் உடனே இயக்கிவிடுங்கள். பார்லி கொதிநீரில் விழுந்த பிறகுதான் காளானை நறுக்கத் தொடங்க வேண்டும். காளானோடு ஒரு கிண்ணம் வெந்த கொண்டைக்கடலையை நன்றாக ஈரம் துடைத்து, தட்டின் ஓர் ஓரத்தில் பரப்பிவிட்டால், அதுவும் மேலே மொறுமொறுப்பாக வறுபட்டுவிடும். பார்லியை வடிக்கும்போது அரைக் கிண்ணம் நீரை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மூடி வைக்கும் அந்த 5 நிமிடத்தில், இரண்டு கைப்பிடி பசலைக்கீரையை மேலே போட்டால் அந்தச் சூட்டிலேயே வதங்கிவிடும்; தனியாக அடுப்பு வேண்டாம்.

காளான் வெளியே வந்ததும் அதைப் பார்லியின்மீது கொட்டிவிட்டு, வெறும் தட்டைக் கழுவப் போட்டுவிடாதீர்கள். தட்டில் பழுப்பாக ஒட்டியிருப்பது, காளான் விட்ட நீர் வற்றியபோது விட்டுச்சென்ற சாரம். எடுத்து வைத்த தானிய நீரில் நாலைந்து கரண்டியை அந்தச் சூடான தட்டில் ஊற்றி, மரக்கரண்டியால் சுரண்டினால் அது முழுவதும் கரைந்து வரும். அதையும் பார்லியில் ஊற்றி, ஒரு மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெயும் அரை எலுமிச்சைப் பழத்தின் சாறும் சேர்த்துக் கிளற வேண்டும். புளிப்பை விட்டுவிடக் கூடாது. காளான், தானியம், கடலை ஆகிய மூன்றும் கனமான, மண்வாசம் கொண்ட சுவைகள். எலுமிச்சையோ நல்ல வினிகரோ இல்லாவிட்டால் நாலு வாய்க்குள் நாக்கு சலித்துவிடும். புளிப்பு சரியாக இருந்தால் உப்பும் குறைவாகவே தேவைப்படும். ஒருவர் ஒரு நாளைக்கு உண்ணும் உப்பு மொத்தமாக 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதை நினைத்தால், காளானின் உமாமியும் எலுமிச்சையின் புளிப்பும் நமக்குச் செய்யும் உதவி பெரிது.

உடல்நலத்தைப் பொறுத்தவரை மிகைப்படுத்தாமல் சொல்ல விரும்புகிறேன். 100 கிராம் பச்சை மொட்டுக்காளானில் இருப்பது 22 கலோரியும் ஏறத்தாழ 3 கிராம் புரதமும்தான்; பொட்டாசியம், செலினியம், செம்பு, ரைபோஃபிளேவின், நியாசின் ஆகியவை குறிப்பிடத்தக்க அளவில் உண்டு. இறைச்சியை ஒத்த மென்மை இருப்பதால் இறைச்சிக்கு இணையான புரதமும் இருக்கும் என்று எண்ணுவது தவறு. கொண்டைக்கடலையைச் சேர்ப்பதன் காரணம் அதுவே. தானியப் புரதத்தில் குறைவாக உள்ள லைசின் என்னும் அமினோ அமிலத்தைப் பருப்பும் கடலையும் நிறைவு செய்கின்றன. பார்லியிலும் ஓட்ஸிலும் உள்ள பீட்டா குளூக்கன் என்ற கரையும் நார்ச்சத்தை நாளொன்றுக்கு 3 கிராம் அளவில் தொடர்ந்து உண்டால், எல்டிஎல் கொழுப்பின் அளவு குறையும் என்பது நன்கு நிறுவப்பட்ட செய்தி. காளானை நறுக்கி, அடிப்புற மடல்கள் மேலே தெரியும்படி நடுப்பகல் வெயிலில் சிறிது நேரம் வைத்தால், அதிலுள்ள எர்கோஸ்டெரால் புற ஊதாக் கதிரால் வைட்டமின் டி2 ஆக மாறும். விடுமுறை நாளில் எளிதாகச் செய்யக்கூடியது இது. குளூட்டன் ஒவ்வாதவர்கள் பார்லியையும் கோதுமையையும் தவிர்த்து, தினை, கினோவா, தவிட்டரிசி ஆகியவற்றுள் ஒன்றைக் கொள்ள வேண்டும்.

மேலே தூவுவதற்கு வறுத்த வாதுமையோ சூரியகாந்தி விதையோ நன்றாக இருக்கும். பாதி வெந்த மஞ்சள் கருவோடு ஒரு முட்டையை வைத்தால் அதுவே ஒரு குழம்பின் வேலையைச் செய்துவிடும். பாலாடைக்கட்டி சேர்ப்பவர்கள் உப்பை முன்கூட்டியே குறைத்துக்கொள்ள வேண்டும்.

மறுநாள் மதியத்துக்கு எடுத்துச் செல்வதாக இருந்தால், காளானைத் தானியத்தோடு கலக்காமல் தனிப் பாத்திரத்தில் வையுங்கள். இரவு முழுவதும் ஒன்றாக இருந்தால், தானியத்தின் ஈரம் காளானுக்குத் திரும்பி, வறுத்துப் பெற்ற மொறுமொறுப்பு போய்விடும். உண்பதற்குச் சற்று முன் காளானை மட்டும் சூடான வாணலியில் 2 நிமிடம் புரட்டி எடுத்து, தானியத்தை ஒரு கரண்டி நீர் தெளித்து ஆவி வரச் சூடாக்கி, எலுமிச்சையை அப்போது புதிதாகப் பிழிந்துகொள்ளலாம்.